பகட்டுக்கு ஓடும் சக்கரம்

ஒரு கருவியின் பெருமை அது செய்யும் வேலையில் இருக்கிறது. அதன் தோற்றத்தில் இல்லை. இவ்வுண்மையை உழவன் அறிவான், தச்சன் அறிவான், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருளில் நிரை நுழைந்து, பால்மரம் வெட்டிய தோட்டத் தொழிலாளி எல்லாரினும் நன்றாக அறிவான். மரத்தின் பட்டைக்கு ஏற்றவாறு கத்தியைத் தீட்டிக் கொள்ளாதவன் அத்தொழிலில் நிலைத்ததில்லை. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் மங்கில் பால் விழாது. அளவறிந்து கருவியைப் பயன்படுத்துவதே அவன் கற்ற கல்வி.

அத்தொழிலாளியின் பேரன் இன்று பல்லாயிரம் வெள்ளி கொடுத்துச் சாகசப் பயண மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். அவன் உழைப்பு, அவன் பணம், அதில் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வண்டியைத் தாங்கி நிற்கும் இரண்டு டயர்களை அவன் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறான்? போகப்போகும் பாதையை எண்ணியா? ஏற்றப்போகும் பாரத்தை எண்ணியா? இல்லை. வண்டியை நிறுத்தி வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு எது முரட்டுத்தனமாகத் தோன்றுமோ அதையே தேர்ந்தெடுக்கிறான். தாத்தாவின் கத்திக்கு இருந்த மதிப்பு பேரனின் டயருக்கு இல்லாமற்போனது வருந்தத்தக்கது. வருந்துவதோடு நின்றுவிடாமல் கண்டிக்கத்தக்கதும் ஆகும்.

இருவேறு நிலத்துக்கு ஒரு வண்டி

இவ்வகை வண்டியின் வரலாற்றைச் சற்று நோக்குதல் நலம். 1980ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்னும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அப்பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளுள் ஒன்று கரடுமுரடான நிலத்தையும் மற்றொன்று சாலையையும் குறிக்கும் ஜெர்மானியச் சொற்களின் முதலெழுத்துகளாகும். மறு ஆண்டே, 1981இல், அவ்வினத்து வண்டி பாரிஸ்–டக்கார் ஓட்டப் பந்தயத்தில் வெற்றி பெற்றது. ஒரே வண்டி தார்ச் சாலையிலும் சரளைக்கல் பாதையிலும் ஓடும் என்னும் எண்ணம் உலகெங்கும் பரவியது.

ஒரே வண்டி இரு நிலத்திலும் ஓடும் என்பது மெய். ஒரே டயர் இரு நிலத்திலும் ஒன்றுபோல் ஓடும் என்பது பொய். இந்த மெய்யையும் பொய்யையும் குழப்பிக்கொண்டதிலிருந்துதான் கேடு தொடங்குகிறது. தேர் கடலில் ஓடாது, கலம் நிலத்தில் ஓடாது என்று இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்திய பாடத்தைப் பள்ளியில் ஒப்பித்தவர்களே, இடமறியாத சக்கரத்தில் ஏறிச் செல்கின்றனர்.

ஓடும் மோட்டார் சைக்கிளின் டயர் ஒன்று தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வேகம், திருப்பம், நிறுத்தம் ஆகிய அனைத்தும் இரண்டு உள்ளங்கையளவு ரப்பரை நம்பியே நடைபெறுகின்றன. அந்தப் பரப்பில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு இடைவெளி என்பதைத் தீர்மானிப்பது டயரின் பூ. சாலைக்கென்றே செய்த டயரில் ரப்பர் மிகுதி; நீர் வடியும் கோடுகள் குறைவு. கட்டை கட்டையாகப் பூ வெட்டிய டயரில் ரப்பர் குறைவு, இடைவெளி மிகுதி. இவ்விரண்டுக்கும் நடுவே பல படிகள் உள்ளன.

தார்ச் சாலையில் பிடிமானம் தருவது தரையோடு ஒட்டும் ரப்பரின் பரப்பு. அங்கே கட்டைப்பூ டயர் தன் இயல்பினாலேயே பின்தங்குகிறது. தொடும் ரப்பர் குறைவு என்பது ஒரு குறை. வண்டி சாய்ந்து திரும்பும்போது உயரமான கட்டைகள் வளைந்து கொடுப்பதால் வண்டி நெளிவது மற்றொரு குறை. திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் அதே நெளிவு நேர்கிறது. மழைநீர் படிந்த தாரில் இக்குறைகள் பெருகுகின்றன. இரைச்சலும் விரைந்த தேய்மானமும் உடன் சேர்ந்து கொள்கின்றன.

சரளைக்கல் பாதையில் நிலைமை தலைகீழ். அங்கே இறுகிய தரைக்கு மேல் தளர்ந்த கற்கள் கிடக்கின்றன. மழமழப்பான டயர் அக்கற்களின் மீது ஏறியவுடன், கோலிக்குண்டுகளின் மேல் வைத்த பலகை போல அவற்றின் மேல் உருள்கிறது. கட்டைப்பூ டயரோ கற்களை இடைவெளிகளுக்குள் ஒதுக்கிவிட்டு, தன் கட்டைகளின் விளிம்புகளால் அடித்தரையைப் பற்றுகிறது. செம்மண் சேறாகும்போது இடைவெளி அகன்ற டயர் மட்டுமே சுழற்சியினால் சேற்றை உதறித் தள்ளும்; நெருங்கிய பூவுள்ள டயரில் சேறு அப்பிக்கொண்டு, பூ இருந்தும் இல்லாததாகிவிடும்.

ஆகவே எந்த டயரும் தன்னளவில் நல்லதுமன்று; தீயதுமன்று. பாதைதான் நீதிபதி.

பாதையைக் கணக்கிடாத பயணம்

மலேசியாவில் இவ்வண்டிகள் ஓடும் பாதைகள் எவை? கேமரன் மலைக்கு ஏறும் சாலைகள் தார்ச் சாலைகள். 1982இல் திறக்கப்பட்டு, கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையும் தார்ச் சாலையே. வட–தென் நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வார இறுதியில் தலைநகரிலிருந்து புறப்பட்டு, மலையேறி, தேநீர் அருந்தி, படம் பிடித்துக்கொண்டு மாலையில் திரும்பும் ஒருவர், நானூறு கிலோமீட்டர் பயணத்தில் நான்கு கிலோமீட்டராவது சரளைக்கல்லைக் காண்கிறாரா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும். அந்த நான்கு கிலோமீட்டருக்காக மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோமீட்டரிலும் குறைந்த பிடிமானத்தோடு, அதுவும் பிற்பகல் மழை தவறாது பெய்யும் நாட்டில், ஓட்டுவது அறிவுடைமையா?

கட்டைப்பூ டயர் வேண்டவே வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. அலாஸ்காவில் 1974இல் எண்ணெய்க் குழாய் அமைக்கும் பணிக்காகப் போடப்பட்ட டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் பெரும் பகுதி சரளைக்கல். புழுதி அடங்கத் தெளிக்கப்படும் கால்சியம் குளோரைடு, மழை பெய்தால் பாதையை வழுக்கும் சேறாக்குகிறது. அப்பாதையில் செல்பவர் கட்டைப்பூ டயரைத் தேர்ந்தெடுப்பது காரணத்தோடு கூடிய தேர்வு. அவ்வாறே, நாள்தோறும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பத்துக் கிலோமீட்டர் போய்வரும் மேற்பார்வையாளருக்கும் அத்தகைய டயர் தேவைப்படலாம். பழக்குலை ஏற்றிய லாரிகள் உழுதுவிட்ட பாதையில், மழைக்குப் பின், தேய்ந்த சாலை டயரோடு போகிறவரும் குற்றவாளியே. பகட்டுக்காகக் கட்டைப்பூவை மாட்டுகிறவனும், சோம்பலுக்காகத் தேய்ந்த டயரை மாற்றாதவனும் ஒரே பிழையின் இரு முகங்கள். இருவரும் பாதையைக் கேட்கவில்லை.

மறுப்புகளும் மறுமொழிகளும்

இதற்கு மறுப்புக் கூறுவோர் பலர்.

முதல்வகையினர் விழுக்காட்டைக் காட்டுவர். “இந்த டயர் சாலைக்கு ஐம்பது, காட்டுக்கு ஐம்பது என்று விற்பனையாளரே சொல்கிறாரே, இரண்டுக்கும் சரிபாதி பொருந்துமே” என்பர். இந்த ஐம்பதும் எண்பதும் தொண்ணூறும் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டவை? எல்லா உற்பத்தியாளரையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் எதுவும் இதற்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் ஐம்பதும் மற்றொரு நிறுவனத்தின் ஐம்பதும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அவை மதிப்பெண்கள் அல்ல, விளம்பரச் சொற்கள். மேலும், ஐம்பதுக்கு ஐம்பது என்பது ஓட்டுநர் எவ்வளவு தூரம் எதில் ஓட்ட உகந்தது என்பதைக் குறிப்பால் உணர்த்துவதேயன்றி, இரண்டு நிலத்திலும் முழுத் திறமை காட்டும் என்னும் உறுதிமொழியன்று. தேர்வுத் தாளில் மாணவன் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டால் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் உண்டா? அவ்வாறிருக்க, உற்பத்தியாளர் தம் பொருளுக்குத் தாமே இட்டுக்கொண்ட மதிப்பெண்ணை ஏன் கண்மூடி ஏற்கவேண்டும்?

டயரின் பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ என்னும் எழுத்துகளைக் கண்டு மயங்குவோரும் உளர். அவை சேற்றையும் பனியையும் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகள். பூவின் அமைப்பைக் கொண்டு உற்பத்தியாளர் பொறிக்கும் குறியே அது. பனியே பெய்யாத நாட்டில், ஓடிப் பார்த்துத் தேர்ச்சி பெற்றதற்கு அது சான்றிதழ் ஆகாது.

இரண்டாம் வகையினர், “ஓட்டுகிறவன் திறமைசாலியாக இருந்தால் எந்த டயரும் போதும்” என்பர். இவ்வாதத்தில் பாதி உண்மை இருப்பதனால்தான் அது முழுப் பொய்யினும் ஆபத்தானது. தேர்ந்த ஓட்டுநர் சாலை டயரோடும் சரளைக்கல்லைக் கடப்பார் என்பது உண்மை. ஆனால் அவர் கடப்பது டயரின் எல்லையை அறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதனால் அன்றோ? எல்லையை அறிவதே அவருடைய திறமை. பின்சக்கரம் வழுக்கினால் திருத்திக்கொள்ளச் சிறிது அவகாசம் உண்டு; முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் அவகாசம் இல்லை. ஆகவேதான் சரளைப் பாதையை அடிக்கடி மேற்கொள்வோருள் சிலர் முன்சக்கரத்திற்குச் சற்று ஆழமான பூவையும் பின்சக்கரத்திற்கு நீடித்து உழைக்கும் இடைநிலைப் பூவையும் தேர்ந்தெடுக்கின்றனர். அப்போதும், உள்கட்டமைப்பு வேறுபட்ட இருவகை டயர்களை உற்பத்தியாளரின் இசைவின்றிக் கலந்து மாட்டலாகாது என்னும் விதியை மீறுவதில்லை. இதுவே திறமை. ‘எது கிடைத்தாலும் ஓட்டுவேன்’ என்பது திறமையன்று, வீம்பு.

மூன்றாம் வகையினர் சிக்கனம் பேசுவர். “கட்டைப்பூ டயர் ஒன்றை மாட்டிவிட்டால் எங்கும் போகலாம், இரண்டு வகை வாங்கும் செலவு மிச்சம்” என்பர். அவர்கள் கணக்கும் பிழையானது. மென்மையான கட்டைப்பூ உடைய பின்டயர், பாரமான வண்டியில் தார்ச் சாலையிலேயே ஓடினால், ஐயாயிரம் கிலோமீட்டர் அளவிலேயே தேய்ந்துபோவது பொதுவான அனுபவம். சாலை சார்ந்த டயர் அதைப்போல் இருமடங்கு தூரம் உழைக்கும். சிக்கனத்தின் பெயரால் செலவு இரட்டிப்பாகிறது. உயிருக்கு விலை குறித்துக் கூட்டிப் பார்த்தாலோ, கணக்கு ஒருபோதும் நேராகாது.

எழுதியிருந்தும் படிக்கப்படாத ஏடு

டயரின் பக்கவாட்டு ஒரு திறந்த ஏடு. அதைப் படிப்பார் இல்லை என்பதே பெருங்குறை. எடுத்துக்காட்டாக, ‘150/70 ஆர் 17 69 வி’ என்று பொறித்திருப்பதைக் காண்க. 150 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. ஆர் என்பது உள்நூல்கள் குறுக்காகச் செல்லும் ரேடியல் அமைப்பு. 17 என்பது அங்குலத்தில் சக்கர விட்டம். 69 என்பது பாரக் குறியீடு. அது 325 கிலோகிராமைக் குறிக்கும். வி என்பது வேகக் குறியீடு; மணிக்கு 240 கிலோமீட்டர்.

கட்டைப்பூ டயர்கள் பலவற்றில் வேகக் குறியீடு கியூ என்றிருக்கும். அது 160 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் என்னும் சட்ட வரம்பை மதிப்பவருக்கு அது போதும். ஆனால் பாரக் குறியீட்டில் அத்தகைய சலுகை இல்லை. 250 கிலோகிராம் வண்டி. 150 கிலோகிராம் எடையில் இருவர். 40 கிலோகிராம் பெட்டிகள். மொத்தம் 440. அதில் அறுபது விழுக்காடு பின்சக்கரத்தின் மீது விழுந்தால் 264 கிலோகிராம். பாரக் குறியீடு 69 உடைய டயர் அதைத் தாங்கும். விலை மலிவு என்று குறியீடு 57 உடைய டயரை மாட்டினால், அதன் வரம்பு 230 கிலோகிராமே. மயிலிறகையும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் கற்பிக்கிறது; ஏற்றுவது இரும்புப் பெட்டியாயின் சொல்லவும் வேண்டுமோ?

காற்றழுத்தமும் அவ்வாறே. பெரிய வண்டிகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் அழுத்தம் பெரும்பாலும் முன்சக்கரத்திற்கு 36, பின்சக்கரத்திற்கு 42 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். சரளைப் பாதையில் மெதுவாகச் செல்லும்போது சிறிது குறைத்தால் டயர் தரைக்கேற்ப வளைந்து நன்கு பற்றும். மிகக் குறைத்தால் கல் மோதிச் சக்கர விளிம்பு நசுங்கும். குறைத்த காற்றை மீண்டும் நிரப்பாமல் தார்ச் சாலையில் விரைந்தால், டயர் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடும். பாரம் தாங்கும் ஆற்றலும் குன்றும். ஆகவே, அழுத்தமானியும் சிறு காற்றடிக்கும் கருவியும் இல்லாமல் ‘சாகசப் பயணம்’ புறப்படுவது, கடிகாரம் இல்லாமல் தேர்வு நடத்துவதற்கு ஒப்பாகும்.

வயதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் நான்கு இலக்கங்களில் உற்பத்தி வாரமும் ஆண்டும் குறிக்கப்படுகின்றன. ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். பூ ஆழமாக இருந்தாலும் ஆண்டுகள் பல கடந்த ரப்பர் இறுகிப் பிடிமானம் இழக்கும். ‘புதிது’ என்று கடைக்காரர் நீட்டும் டயரின் உண்மை வயதை அறிய நான்கு எண்களைப் படித்தால் போதும். படிக்கத் தெரிந்தும் படிக்காதவனைக் கல்லாதவன் என்று அழைப்பதில் என்ன தவறு?

ஆசிரியர்க்கு ஒரு கடமை

“தமிழாசிரியருக்கும் டயருக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்பாரும் இருப்பர். தொடர்பு உண்டு, அதுவும் ஆழமான தொடர்பு.

1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டன. 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். உலகம் டயர் கேட்டது. டயர் ரப்பர் கேட்டது. ரப்பர் கைகள் கேட்டது. அக்கைகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த கைகள். தமிழ்ப்பள்ளிகள் தோன்றியதும் அவர்கள் வாழ்ந்த லயங்களின் அருகேதான். உலகத்தின் சக்கரங்களுக்குப் பால் சுரந்து கொடுத்த சமுதாயத்தின் பிள்ளைகள், தம் சக்கரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் சாலையில் விழுவது எத்துணைப் பெரிய அவலம்!

மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். பன்னிரண்டு வயதில் தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் மாணவன், பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறத் தகுதியடைகிறான். இடையே இருப்பவை நான்கே ஆண்டுகள். அவன் முதலில் ஏறப்போவது சாகசப் பயண வண்டியாக இராது. அண்ணனின் சிறிய வண்டியாக இருக்கும். ஆயினும் விதி ஒன்றே. அந்தச் சிறு வண்டியிலும் அண்ணன் பகட்டுக்காக மாட்டிய டயர் இருக்கும். அல்லது தேய்ந்து மழமழப்பான டயர் இருக்கும். தோட்டத்துச் செம்மண்ணிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் அந்தத் திருப்பத்தில் அவனைக் காப்பது எது?

கணிதப் பாடத்தில் இரயிலின் வேகத்தைக் கணக்கிடச் சொல்லும் ஆசிரியர், ஒரு நாள் பழைய டயர் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவரச் செய்யலாம். அகலத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடச் சொன்னால் அது விழுக்காட்டுப் பாடம். பாரத்தைக் கூட்டிப் பங்கிடச் சொன்னால் அது பின்னப் பாடம். ஈரத் தரையிலும் மணலிலும் உருட்டிப் பார்க்கச் சொன்னால் அது உராய்வைப் பற்றிய அறிவியல் பாடம். கண்டதைப் பத்து வரியில் எழுதச் சொன்னால் அது தமிழ்ப் பாடம். இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர், மங்கு என்றும் ஒட்டுப்பால் என்றும் ஒரு தொழிலின் சொற்களையெல்லாம் தமக்கெனப் படைத்தும் ஏற்றும் கொண்ட தோட்டத்து மக்களின் மொழியாற்றலை அறியாதவர்.

மாணவர் மனத்தில் பதிய வேண்டியவை மூன்று கேள்விகளே. செல்லும் பாதை எது? ஏற்றும் பாரம் எவ்வளவு? டயர் தன்னைப் பற்றிச் சொல்வது என்ன? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் தேர்ந்தெடுக்கும் டயர், பார்ப்பவர் கண்ணுக்கு எளிமையாகத் தோன்றலாம். தோன்றட்டும். தாத்தாவின் கத்தியும் எளிமையானதுதான். அது நாள்தோறும் தீட்டப்பட்டது, அளவறிந்து வெட்டியது, அவரை மாலையில் பத்திரமாக லயத்திற்குத் திரும்ப அனுப்பியது. பேரனின் டயரிடமும் வீட்டார் எதிர்பார்ப்பது அதுவே.